லினக்ஸ் போட்டு மெஷின் விற்கிறவங்க: சோர்ஸ் கேட்டு யாராச்சும் வந்திருக்காங்களா?

திருப்பூரிலிருந்து:
வணக்கமுங்க. டெபியன்கிற லினக்ஸ் வகையை ஏத்தி, பில்லிங், பார்கோடு எல்லாம் செட் பண்ணி பனியன் கம்பெனிகளுக்கு மெஷின் கொடுக்கிறது என் தொழில். போன மாசம் அவிநாசியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, சிபியு பின்னாடி உங்க ஸ்டிக்கர் பார்த்தேனுங்க. கெர்னல் சோர்ஸ் வேணும்." கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி, சோர்ஸ்னா அதை எழுதின மூல நிரல். என் கஸ்டமர் லிஸ்ட்டில் அவன் பேரே இல்லை. கம்பெனிக்காரர் பழைய மெஷின்களைத் தள்ளிவிட்டதில் ஒண்ணு அவன் கைக்குப் போயிருக்கு.

"நீ என்கிட்ட வாங்கலையே கண்ணு"ன்னு சொல்லிட்டேன். அவன் ஸ்டிக்கரை அப்படியே படிச்சான்: 'யார் கேட்டாலும் 3 வருடம் வரை சோர்ஸ் தரப்படும்.' நானே ஒட்டினதுதான். கெர்னல் இன்னைக்கும் 1991-இல் வந்த ஜிபிஎல்ங்கிற லைசென்ஸோட 2-ஆம் பதிப்பில்தான் இருக்கு. அதன் 3-ஆம் பிரிவுப்படி, வியாபாரமா மெஷின் விற்கிற நமக்கு ரெண்டே வழி. மெஷினோட சோர்ஸையும் கையில கொடுத்துடணும். இல்லைன்னா இப்படி எழுதிக் கொடுக்கணும். அந்த எழுத்து வாங்கினவருக்கு மட்டும் இல்லைங்க, மூணாம் ஆளுக்கும் செல்லும். காப்பி போட்டு அனுப்புற செலவுக்கு மேல வாங்கக் கூடாது.

"டெபியன் சைட்ல இருக்குது, எடுத்துக்கோ"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. ஆனா அது டெபியன் கொடுத்த கெர்னல் இல்லைங்க. லேபிள் பிரிண்டர் ஒண்ணு ஒத்துவராம, அதை ஓட்டற டிரைவர் நிரல்ல 17 வரி மாத்தி, சோர்ஸிலிருந்து நானே கம்பைல் பண்ணி உருவாக்கினது. பில்ட் பண்ணின டிஸ்க்கை எப்பவோ ஃபார்மேட் அடிச்சாச்சு. எந்த செட்டிங்கில் கம்பைல் பண்ணினோம்னு சொல்ற கான்ஃபிக் ஃபைல் மெஷினோட பூட் ஃபோல்டர்லயே இருந்துச்சு. அந்த 17 வரி மாற்றம் இருக்கிற பேட்ச் ஃபைல் மட்டும் இல்லை. மூணு ராத்திரி தேடி, மேஜை டிராயர்ல கிடந்த ஒரு பென்டிரைவ்ல கிடைச்சுது. டிவிடியில எழுதி கூரியர் போட்டேன். அதே பிரிண்டரை வேற மெஷின்ல ஓட்டத்தான் கேட்டிருக்கான். இதுக்காகத்தானுங்க இந்த லைசென்ஸே எழுதினாங்க.

இப்பெல்லாம் மெஷின்கள்ல ஏத்தற மொத்த சிஸ்டத்தை ஒரே இமேஜா பில்ட் பண்ற அன்னைக்கே, டெபியனோட 'ஆப்ட் சோர்ஸ்' கமாண்ட் போட்டு எல்லா சோர்ஸையும் இறக்கி, பேட்ச், கான்ஃபிக், பில்ட் ஸ்கிரிப்ட் சேர்த்து ஒரு தனி டிஸ்க்ல வச்சுடறேன். ஸ்கிரிப்டும் இருந்தாத்தான் முழு சோர்ஸ்னு கணக்கு.

ஈரோட்டிலிருந்து:
எனக்கு வந்தது வேற சண்டைங்க. "இலவச லினக்ஸுக்கு எதுக்குக் காசு வாங்கறே?"ன்னு ஒரு டியூஷன் சென்டர்க்காரர் கடையில நின்னு கத்திட்டார். எந்த விலைக்கும் விற்கலாம்னு லைசென்ஸே சொல்லுது. வாங்கினவர் அதைக் காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கறதை மட்டும் நாம தடுக்கக் கூடாது. இப்போ பில்லில் இன்ஸ்டலேஷன் கூலின்னு தனி வரி போடறேன். அப்புறம் ஒருத்தரும் கேட்டதில்லை.

கோவை காந்திபுரத்திலிருந்து:
நான் பண்ணின தப்பு இதுங்க. சின்ன எஸ்எஸ்டி, இடம் பத்தலைன்னு இமேஜிலிருந்து 'டாக்' ஃபோல்டரை மொத்தமா அழிச்சுட்டேன். யாரு படிக்கப் போறாங்கன்னு நினைச்சேன். டெபியன்ல ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜோட காப்பிரைட் ஃபைலும் அதுக்குள்ளதான் இருக்குது. ஜிபிஎல் மட்டும் இல்லை, ரொம்ப தாராளமான எம்ஐடி, பிஎஸ்டி லைசென்ஸ்கூட அந்த அறிவிப்பு கூடவே போகணும்னுதான் கேட்குது. எழுதினவன் பேரையே அழிச்சுட்டு அவன் வேலையை வித்திருக்கேன். கூட வேலை செய்யற தம்பி சொல்லித்தான் தெரிஞ்சுது. வித்த 22 மெஷினுக்கும் நேர்ல போய் அந்த ஃபைல்களைத் திரும்பப் போட்டுட்டு வந்தேன்.

கோபியிலிருந்து:
திருப்பூர் அண்ணா, 3 வருஷம் முடிஞ்சா அந்த டிஸ்க்கை அழிச்சுடலாமுங்களா?

திருப்பூரிலிருந்து:
அவசரப்படாதீங்க தம்பி. நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற சாம்பா மாதிரி சிலது, 2007-இல் வந்த ஜிபிஎல் 3-ஆம் பதிப்பில் இருக்கு. எழுதிக் கொடுத்து விற்கிற வழியில போனா, அதுல குறைஞ்சது 3 வருஷம். அதுக்கு மேலயும் அந்த மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸோ சர்வீஸோ கொடுக்கிற வரைக்கும் சோர்ஸ் தந்தாகணும். நம்ம ஊர்ல ஏஎம்சி, அதாவது வருஷாந்தர பராமரிப்பு ஒப்பந்தம், அஞ்சு, ஆறு வருஷம் ஓடுதில்லைங்களா? போன வாரம் ஒரு கம்பெனிக்கு ஏஎம்சி புதுப்பிச்சேன். அன்னைக்கே அந்த டிஸ்க்கை எடுத்து மாட்டி, ஃபைல் எல்லாம் திறக்குதான்னு பார்த்துட்டுத்தான் திரும்ப வச்சேன்.