ரோபோ ஆபரேஷனில் நோயாளி பக்கம் நிற்பவருக்குக் கழுத்து வலி, கையில் ரோபோவின் ஆர்ம் இடிக்கிறது: என்ன செய்யலாம்?

கேட்பவர் (யூராலஜி தியேட்டர் அசிஸ்டன்ட்):
வணக்கம். எங்களிடம் டாவின்சி எக்ஸ்ஐ என்ற ஆபரேஷன் ரோபோ இருக்கிறது. புராஸ்டேட் கேஸ்களில் வலது பக்கம் நின்று சக்‌ஷன் பிடிப்பதும் கிளிப் போடுவதும் என் வேலை. தலையைத் திருப்பியே மானிட்டரைப் பார்ப்பதால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அதைவிடப் பயம், பக்கத்து ஆர்ம் விரியும்போது முழங்கையில் இடிக்கிறது. நேற்று சக்‌ஷன் குழாய்க்கும் ஆர்முக்கும் நடுவில் விரல் மாட்டப் பார்த்தது. சர்ஜன், ரோபோவை இயக்கும் கன்சோலில் முகம் புதைத்திருப்பதால் அவருக்கு இது தெரிவதில்லை. நடுவில் டேபிளை ஏற்றச் சொல்லலாமா?

ரோபோட்டிக் தியேட்டர் சிஸ்டர்:
கூடவே கூடாது தம்பி. டாக் செய்தபின், அதாவது ரோபோவை நோயாளியோடு இணைத்தபின், போர்ட்டுகள் (வயிற்றுக்குள் கருவி நுழையும் குழாய்கள்) ஆர்மோடு பூட்டியிருக்கும். டேபிள் அசைந்தால் வயிற்றுச் சுவர் கிழியலாம். ரோபோவோடு சேர்ந்து நகரும் தனி டேபிள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதனால் உயரத்தை டாக் செய்யும் முன்பே முடிவு பண்ணுங்கள். தலைப்பக்கம் தாழ்த்திய பிறகு உங்கள் போர்ட் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். தோள் தூக்காமல், கை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் காலுக்கு ஸ்டூல் கேளுங்கள். மானிட்டர் உங்களுக்கு நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரட்டும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் விடாதீர்கள்.

யூராலஜி சர்ஜன்:
இடிப்பதற்குப் பெரும்பாலும் போர்ட் இடம்தான் காரணம். ரோபோ போர்ட்டுகளுக்கிடையே சுமார் 8 செ.மீ., உங்கள் போர்ட்டுக்கும் பக்கத்து ரோபோ போர்ட்டுக்கும் குறைந்தது 7 செ.மீ. விட்டால் கைக்கு இடம் கிடைக்கும். ஆர்மிலேயே பேஷன்ட் கிளியரன்ஸ் பட்டன் இருக்கிறது. சர்ஜனிடம் சொல்லிவிட்டு அதை அழுத்தினால், போர்ட் நகராமலே ஆர்மைத் தள்ளி வைக்கலாம்.

கை மாட்டினால் 'நிறுத்துங்க' என்று உரக்கச் சொல்லுங்கள். நான் பார்வைக் கண்ணாடியிலிருந்து தலையை எடுத்ததும் கருவிகள் என் கை அசைவைப் பின்பற்றாது. சின்னவர் எப்படிச் சொல்வது என்ற தயக்கமே வேண்டாம். எங்களுக்குக் கண் நீங்கள்தான்.

கேட்பவர்:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. கருவி மாற்றும்போதும் இதே பயம்.

ரோபோட்டிக் தியேட்டர் சிஸ்டர்:
'மூணாவது ஆர்ம், எடுக்கலாமா?' என்று கேளுங்கள். கருவியின் வாய் எதையும் பிடிக்காமல், அதன் மணிக்கட்டு நேராக, கேமராவில் தெரிகிறதா பாருங்கள். 'எடுங்க' என்று காதில் விழுந்தபிறகே இழுங்கள். கருவி எதையாவது பிடித்தபடியே நின்றுபோனால் அதன் வாயைத் திறக்க ரிலீஸ் சாவி வேண்டும். அது எந்த டிராலியில் இருக்கிறது என்று கேஸ் தொடங்கும் முன் பார்த்து வையுங்கள்.