'டெல்' என்றால் 'சொல்' மட்டும்தானா?

'டெல்' (tell) என்ற ஆங்கிலச் சொல்லை எப்படிக் கற்பிப்பது என்று 'வேர்ச்சொல்', 'வகுப்பறை', 'நாள்தோறும்' என்ற மூன்று பார்வைகள் இங்கே வாதிடுகின்றன.

வேர்ச்சொல்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், 'ஐ குட் டெல் ஷீ வாஸ் டயர்ட்' என்ற வரியை 'அவள் களைத்திருந்தாள் என்று என்னால் சொல்ல முடிந்தது' என எழுதியிருந்தார். அந்த வரியில் யாரும் எதையும் சொல்லவில்லை. பார்த்தவர் அவளது களைப்பை உணர்ந்துகொண்டார். 'டெல் என்றால் சொல்' என்று ஒரே பொருளோடு கற்பிப்பதை நிறுத்த வேண்டும் என்பேன்.

வகுப்பறை:
நான் உடன்படவில்லை. பிள்ளைகள் அன்றாடம் தடுமாறுவது 'சே', 'டெல்' இரண்டுக்கும் இடையில்தான். தமிழில் இரண்டுக்கும் 'சொன்னான்' என்பதே போதும் என்பதால், 'ஹி செட் மீ' என்றும் 'ஹி டோல்ட் டு மீ' என்றும் எழுதிவிடுகிறார்கள். 'டெல்' வந்தால் கேட்பவர் உடனே, 'டு' இல்லாமல் வர வேண்டும் என்பதை முதலில் பதியவைப்போம். தவிர, 'முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்', 'மழை வருமா என்று சொல்ல முடியாது' என்றெல்லாம் நாமும் பேசுகிறோமே. அந்தப் பொருள் நமக்குப் புதிதன்று.

வேர்ச்சொல்:
'சொல்லிவிடலாம்' பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையே 'சொல்ல முடிந்தது' என்று மாற்றியதும், பார்த்தவர் வாய்திறந்து பேசியதாக அல்லவா பொருள்படுகிறது? பழைய ஆங்கிலத்தில் 'டெல்' என்ற சொல்லுக்கு எண்ணுதல் என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் 'டெல்லர்'. பிரிட்டன் மக்களவையில் வாக்கெடுப்பின்போது உறுப்பினர்களை எண்ணுபவர்களும் 'டெல்லர்'களே. 'ஆல் டோல்ட்' என்றால் மொத்தத்தில். ஜெர்மானிய மொழியில் 'சேலன்' எண்ணுதல், 'எர்சேலன்' கதை சொல்லுதல். ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவதை மனத்தில் கொண்டால், நிகழ்ச்சிகளை வரிசையாக எடுத்துரைப்பதும், இரட்டையரில் யார் யார் என்று இனங்காண்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது வியப்பாகத் தோன்றாது. நமது 'எண்' என்ற சொல்லும் கணக்கிடுவதையும் நினைப்பதையும் சேர்த்தே குறிக்கிறது.

நாள்தோறும்:
வகுப்பறை தந்த விதிக்கும் விலக்குண்டு. 'டெல் எ லை', 'டெல் த ட்ரூத்' ஆகியவற்றில் கேட்பவரைக் குறிப்பிடத் தேவையில்லை. 'டெல் த டைம்' என்பதற்குக் கடிகாரம் பார்த்து மணி அறிதல் என்றும் பொருளுண்டு.

வகுப்பறை:
விலக்குகளை ஏற்கிறேன், இனங்காணுதல் என்ற பொருளை ஒன்பதாம் வகுப்பில் கற்பிக்கவும் எனக்குத் தடையில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வங்கியையும் ஜெர்மானிய மொழியையும் கொண்டுவந்தால், 'ஹி டோல்ட் மீ' என்ற எளிய வாக்கியம் நாவில் படிவதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

வேர்ச்சொல்:
வரலாறு ஆசிரியருக்கு, பிள்ளைக்கு அன்று. பிள்ளையின் குறிப்பேட்டில் 'சொல்' என்பதற்குப் பக்கத்தில் 'கண்டறி' என்ற சொல்லும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.