புதுப்பிப்பு: குளஸ்டர்எஃப்எஸ்-ல் குட்டி ஃபைல் மந்தமும் அப்கிரேடும்

குளஸ்டர்எஃப்எஸ் என்பது பல சர்வர்களின் டிஸ்க்கைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டும் ஃபைல் சிஸ்டம். அதில் அம்பத்தூர் ஆபீஸின் ரெப்ளிகா 3 வால்யூமில் (ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று நகல்) 'எல்எஸ் -எல்' (ஃபைல் பட்டியலை விவரத்தோடு காட்டும் கமாண்ட்) அடித்தால் இழுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். டிஸ்க் மேல் பழியில்லை. ஃபைலுக்கு ஃபைல் லுக்கப் (தேடல் கோரிக்கை) மூன்று பிரிக்கிற்கும் (சர்வரில் நகல் இருக்கும் இடம்) போய் வருகிறது; 4 கேபி ஃபைலுக்கு அந்த அலைச்சல்தான் செலவே. 'வால்யூம் செட்' கமாண்டில் 'குரூப் மெட்டாடேட்டா-கேஷ்' போட்டதும் ஸ்டாட் விவரம் (ஃபைலின் அளவு, தேதி போன்றவை) 600 நொடி கிளையன்ட்டிலேயே (வால்யூமைப் பயன்படுத்தும் மெஷினிலேயே) தங்குகிறது. லிஸ்டிங் தேவலை. புது ஃபைல் எழுதுவதற்குப் பெரிய லாபமில்லை.

அப்கிரேடில் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான். குளஸ்டர்டி என்ற நிர்வாக சர்வீஸை நிறுத்தினாலும் பிரிக் புராசஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும் (இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்). குளஸ்டர்எஃப்எஸ்டி-யையும் (அதுதான் பிரிக் புராசஸ்) 'கில்ஆல்' கமாண்டால் நிறுத்திய பிறகே பேக்கேஜ் மாற்றணும். 'ஹீல் இன்ஃபோ' (நகல்களைச் சரிசெய்ய இன்னும் பாக்கியுள்ள ஃபைல் எண்ணிக்கை) மூன்று பிரிக்கிலும் 0 காட்டும்வரை அடுத்த சர்வரைத் தொடாதீர்கள். தொட்டால், முதல் சர்வர் நின்றிருந்தபோது மாறி, இன்னும் ஹீல் ஆகாத ஃபைலுக்கு நல்ல நகல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். கிளையன்ட்களின் அப்கிரேடும் முடிந்த பிறகே ஆப்-வெர்ஷனை (எல்லா சர்வர்களும் சேர்ந்து இயங்கும் வெர்ஷன் எண்) ஏற்றணும். ஏற்றினால் இறக்க முடியாது.