தொடர்மாடி வீட்டில் பாலைவன ஓணானும் நட்சத்திர ஆமையும்: கொழும்புக் காற்றுக்குச் சரிவருமா?

கடலோரம்06 எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம், கடல் பக்கம். இவருடைய சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு கனடா போகிறார். அவர் வளர்த்த பியர்டட் டிராகன் என்கிற பாலைவன ஓணான் ஒன்றையும் (வளர்ந்தது, வாலோடு சேர்த்து ஒன்றரை அடி இருக்கும்) நட்சத்திர ஆமை ஒன்றையும் எங்களை எடுக்கச் சொல்லிக் கேட்கிறார். மகனுக்குப் பத்து வயது, ஓம் சொல்லுங்கோ என்று வீட்டில் ஒரே அரியண்டம். மாமி "ஆமை புகுந்த வீடும்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டா, மிச்சம் எல்லோருக்கும் தெரியும்தானே.

என் பயம் வேறு. எங்கள் வீட்டில் உப்புப் போத்தல் ஒரு கிழமையில் கட்டியாகிவிடும், பல்கனிக் கம்பி எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் துருப்பிடிக்கும். இந்த ஈரக் காற்றில் ஒரு பாலைவனப் பிராணி எப்படி இருக்கும்? அவர் அதைக் கண்ணாடித் தொட்டியில், அடியில் மணல் போட்டு வைத்திருக்கிறார். கொழும்பு வெக்கைக்கு லைட் ஒன்றும் தேவையில்லை, கரண்ட் பில்தான் ஏறும் என்கிறார். உண்மையா? வீட்டில் மூன்று வயதுச் சின்னவளும் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முகத்துவாரத்தான் எழுதியது:

அக்கா, ஆமையை எடுக்காதீர்கள். பழமொழிக்காகச் சொல்லவில்லை, சட்டத்துக்காகச் சொல்கிறேன். நட்சத்திர ஆமை நம் நாட்டுக் காட்டு உயிரினம். யால, வில்பத்து, மன்னார், புத்தளம் என்று வறண்ட பக்கங்களில் இருப்பது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பது, விற்பது மட்டுமில்லை, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். காசு வாங்காமல் அன்பளிப்பாகத் தந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. செல்லப் பிராணிச் சந்தைக்காக இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அள்ளிக்கொண்டு போய்ப் போய்த்தான் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கே ஏற்றினார்கள். இப்போது நாடுகளுக்கிடையே அதை வைத்து வியாபாரமே செய்ய முடியாது.

சிநேகிதரிடம் சொல்லி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைக்கச் சொல்லுங்கள், அவர்களுடைய அவசர இலக்கம் 1992. புத்தளம் போகிற வழியில் காட்டில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு வெளிக்கிட்டால் அதையும் தடுங்கள். வீட்டில் வளர்ந்த ஆமை அங்குள்ள ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

புறக்கோட்டைப் பக்கம் விற்கிற சிவப்புக் காது ஆமைக் குஞ்சையும் பதிலுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஓடு ஓர் அடிக்குக் கிட்ட வரும், பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் வாவியிலும் கால்வாயிலும் விடுகிறார்கள். உலகத்தின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களில் அதுவும் ஒன்று.

ஓணான்பிள்ளை எழுதியது:

நான் டிராகனுக்கு வருகிறேன். முதலில் அதற்கும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: எங்கிருந்து வந்தது, இறக்குமதிக் கடதாசி இருக்கிறதா? ஊர்வனவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். கடதாசி இல்லையென்றால் வாங்குமுன் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, காற்று. உங்கள் சிநேகிதர் வெக்கை இருக்கிறது என்று சொல்வது உண்மை, ஆனால் அது போதாது. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்துப் பிராணி. உடம்பைத் தானாகச் சூடாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை, வெயில் காய்கிற இடத்தில் 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரை கிடைத்தால்தான் தின்றது செமிக்கும். பெட்டியின் மற்ற அந்தத்தில் 25, 26 பாகை இருக்கவேண்டும், சூடு கூடினால் ஒதுங்குவதற்கு. கொழும்பு அறை 29, 30 பாகையில் நாள் முழுக்க ஒரே மாதிரிக் கிடக்கும். சூட்டுக்கும் போதாது, குளிருக்கும் உதவாது. ஆகவே லைட் கட்டாயம்.

நீங்கள் பயப்படுகிற ஈரத்துக்கும் அந்த லைட்தான் பாதி மருந்து. 28 பாகையில் 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 40 வீதத்துக்கு இறங்கிவிடும். டிராகனுக்கு நாம் தேடுவது 30, 40 வீதம்தான். அதாவது லைட்டுக்குக் கீழே பகலில் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை லைட் அணைந்த பிறகு, அதுவும் காற்றோட்டமில்லாத கண்ணாடித் தொட்டியில். ஈரம் உள்ளேயே தங்கும், மணல் நனையும், பிறகு நெஞ்சில் சளி கட்டி வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கும். முன்பக்கமும் மேல்பக்கமும் வலை போட்ட மரப் பெட்டிக்கு மாற்றுங்கள், மொரட்டுவப் பக்கம் தச்சர் யாரிடமாவது நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று சொன்னால் செய்து தருவார். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குளிர்ந்த பக்கம் வையுங்கள். இரவில் ஏசி போடுகிற அறையில் வைத்தால் இன்னும் நல்லது, ஏசி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 20 பாகைக்கு இறங்கினாலும் அது தூங்கும், பயமில்லை, நேரே காற்று அடிக்காமல் இருந்தால் போதும். ஈரப்பதன் பார்க்கிற சின்ன மீற்றர் முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும். வாங்கிப் பெட்டியின் நடுவில் மாட்டுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மணலை முற்றாக எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைபடும். தரை ஓடு, இல்லையென்றால் பழைய பத்திரிகை போதும், மகனுக்குப் பாலைவனம் மாதிரித் தெரியாதுதான்.

சூடு தருகிற பல்ப் வேறு, யூவி-பி (வெயிலில் இருக்கிற ஒருவகைப் புறஊதாக் கதிர்) தருகிற குழாய் விளக்கு வேறு. இரண்டும் வேண்டும். யூவி-பி இல்லாவிட்டால் உடம்பு வைற்றமின் டீ செய்யாது, கல்சியம் ஏறாது, தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும். குழாய் பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் மாதங்கள் போகப்போக யூவி-பி குறைந்துவிடும், பெட்டியில் எழுதியிருக்கிற காலத்தில் மாற்றுங்கள்.

தெஹிவளைத்தம்பி எழுதியது:

இவ்வளவு செலவு தேவையா அண்ணா? பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருந்துகொண்டு யூவி குழாய்க்குக் காசு கொட்டுகிறோம். நான் காலமையில் பல்கனியில் வைக்கிறேன், என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது.

ஓணான்பிள்ளை எழுதியது:

வெயில் நல்லது தம்பி, நானும் மறுக்கவில்லை. வருசம் முழுக்க நமக்குக் கிடைக்கிற வெயிலுக்கு எந்தக் குழாயும் ஈடில்லை. காலமை எட்டு, ஒன்பது மணிக்கு அரை மணித்தியாலம், கம்பிக் கூட்டில், பாதிக்கு நிழல் போட்டு, பக்கத்தில் ஆள் இருந்து. இதில் ஒன்றும் குறையக்கூடாது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அவிந்து செத்துவிடும், மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தாலோ யூவி-பி வராது, சூடு மட்டும்தான் வரும். பிறகு காகம். கொழும்புக் காகத்துக்குத் தனியாக விளக்கம் வேண்டாம். தென்மேல் மழை தொடங்கினால் கிழமைக்கணக்கில் வெயிலும் இல்லை, அப்போது குழாய்தான்.

கரண்ட் போனால் பயப்படத் தேவையில்லை. 2022இல் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வெட்டினார்கள், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது. நம் ஊர் இரவுச் சூட்டில் டிராகன் ஒன்றும் விறைத்துப்போகாது. லைட் வரும்வரை சாப்பாட்டை மட்டும் நிறுத்துங்கள், சூடில்லாமல் செமிக்காது.

கடலோரம்06 எழுதியது:

நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆமை முடிந்த கதை, இவர் சிநேகிதரோடு கதைத்துவிட்டார், கொஞ்சம் முகம் சுருங்கியதாம். டிராகனின் கடதாசியைத் தேடித் தருகிறாராம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மகன் வீட்டுக் கரப்பானைப் பிடித்துக் கொடுப்பதாகத் திட்டம் வைத்திருக்கிறான். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போவோம், அப்போது?

கறுவாத்தோட்டம் எழுதியது:

மகனைத் தடுங்கள்! மருந்தடித்த கரப்பானைத் தின்றால் டிராகனும் போய்விடும். டெங்குப் புகை அடிக்கிற ஊரில் வெளியில் பிடிக்கிற எந்தப் பூச்சியையும் நம்பக்கூடாது. மின்மினி ஒன்றே ஒன்று போதும், டிராகன் செத்துப்போகும். வளர்த்து விற்கிற கிரிக்கெட் பூச்சியை, கல்சியம் தூள் தூவிக் கொடுங்கள். வளர்ந்த டிராகன் என்பதால் பூச்சி கிழமைக்கு இரண்டு, மூன்று தரம் போதும், மற்றபடி இலைதான். செவ்வரத்தம் பூவும் இலையும், வல்லாரை, துருவிய பூசணி எல்லாம் தின்னும். பசளி அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஒக்ஸலேட் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனைக்கொய்யா ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

சின்னவளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பெரிய விசயம். ஊர்வனவற்றின் மலத்தில் வயிற்றோட்டமும் காய்ச்சலும் தருகிற சல்மோனெல்லாக் கிருமி இருக்கலாம், பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கிற பிராணியிலும்தான். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வருத்தம் வந்து வந்தே 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமை விற்பதைத் தடைசெய்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தொடவே வேண்டாம், பெட்டிக்குக் கொளுவி போடுங்கள், பாத்திரத்தைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள், மகன் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். இதற்கு அவன் ஓம் என்றால் மட்டும் எடுங்கள்.

எடுக்கும் முன்பே ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் யார் என்று விசாரித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கிற எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. கடைசிக்குப் பேராதனை மிருக வைத்தியப் பீடத்து ஆஸ்பத்திரி இருக்கிறது, தூரம்தான்.

நல்லூருக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம், அந்த நீளப் பயணம் தேவையில்லாத அலைச்சல். இரண்டு லைட்டுக்கும் டைமர் பிளக் மாட்டி 12 மணித்தியாலம் வையுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் இலையும் தண்ணீரும் மாற்றச் சொல்லுங்கள். பூச்சி டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், மூடியைத் திறந்த அன்றைக்கே உங்களுக்குக் கோல் வரும்.