மூங்கில் காட்டுக்கு யூரியா: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சித்தப்பா: நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன் அம்மா. தென்னை உயரத்துக்கு நிற்கிறதே, அத்தனையும் மூங்கிலா? என்ன உரம் போடுகிறார்கள்?

நான்: ஆமாம் சித்தப்பா, மோசோ மூங்கில். இது ஹாங்சோ நகரை ஒட்டிய லின்ஆன் மலைப்பகுதி. சீனாவில் இந்த ஒரு வகை மட்டும் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. உரம் என்றால் முதலில் யூரியா. கூடவே மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்). கோடையில் வீசிவிட்டு ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டுகிறார்கள். கீழே முளைக்கும் செடி கொடிகளையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

சித்தப்பா: யூரியா விழுந்தால் கரும்பச்சை பிடிக்கும், குருத்தும் நிறைய வெடிக்கும். நல்லதுதானே?

நான்: விளைச்சலுக்கு நல்லது. மண்ணில் இருக்கும் கரிமத்துக்கு (கார்பனுக்கு) நல்லதா என்று ஆராய்வதுதான் இங்கே என் வேலை.

அக்கா: மூங்கில் வேகமாக வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் நடத்துகிறேன். உரம் போட்டால் இன்னும் வளரும், இன்னும் கரிமம் சேரும் என்றுதானே பிள்ளைகள் சொல்வார்கள்?

நான்: தண்டில் சேரும் அக்கா. தண்டைத்தான் சில ஆண்டுகளில் வெட்டி விற்றுவிடுகிறார்களே. மண்ணில் தங்குவது வேறு கணக்கு. மண் கட்டிக்குள் அடைபட்டிருக்கும் மக்கை, அதாவது மக்கிப்போன இலை, வேர்களின் கரிமத்தை, நுண்ணுயிர்கள் எளிதில் தொட முடியாது. கொத்திப் புரட்டினால் கட்டி உடைகிறது, காற்று புகுகிறது, அத்தனை காலம் பத்திரமாக இருந்தது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. கீழ்ச்செடிகளும் இல்லாததால் புதிதாக விழும் சருகும் குறைகிறது. பல ஆண்டுகள் இப்படி நடந்த தோப்புகளில் மண் கரிமம் குறைந்திருப்பதை இங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

தம்பி: அப்படியானால் குற்றவாளி மண்வெட்டி. யூரியாவை ஏன் திட்டுகிறாய்?

நான்: நல்ல கேள்வி. கொத்தாமல், யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) அளவாகக் கிடைத்தால் சில இடங்களில் மண் கரிமம் கூடவும் செய்கிறது. இலையும் வேரும் அதிகம் உதிர்கின்றன; தழைச்சத்து மிகுந்த மண்ணில் கடினமான சருகை மக்க வைக்கும் வேலையும் மந்தமாகலாம். அளவு மீறும்போதுதான் வினை. யூரியா அம்மோனியமாகி, நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் பிறக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மழையோடு போய்விடும். மண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். இங்கே மண் ஏற்கெனவே செம்மண், அமில மண்.

அக்கா: வாயுவை எப்படி அளக்கிறீர்கள்?

நான்: [படம்] இந்த வளையத்தை மண்ணில் அழுத்தி வைத்திருக்கிறோம். காலை ஒன்பது மணிக்குமேல் அதன்மீது அடிப்பகுதி இல்லாத பெட்டியைக் கவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்போம். உரம் போட்டதற்கு அடுத்து வரும் மழைதான் முக்கியம். அப்போது உரத்தின் தழைச்சத்திலிருந்து பிறக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு குபீரென்று ஏறும். எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு சூடேற்றும். காட்டுக்குக் கரிம வரவு எழுதுகிறவர்கள் இந்தச் செலவை எழுதாமல் விட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அத்தை: சாப்பிட்டாயா? அந்தக் குருத்துதான் அங்கே சாப்பாடா?

நான்: சாப்பிட்டேன் அத்தை. உலர்த்திய குருத்து இங்கே பேர்போனது, சூப்பில் போடுவார்கள்.

குருத்து என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும் சித்தப்பா. இங்கே லெய் என்று சின்ன மூங்கில் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முன் குருத்து வந்தால் நல்ல விலை. அதற்காகக் குளிர்காலத்தில் தோப்பு முழுவதும் வைக்கோலும் உமியும் கனமாகப் பரப்பிச் சூடேற்றுகிறார்கள், உரத்தையும் அள்ளிக் கொட்டுகிறார்கள். மண்ணைச் சோதித்தால் கரிமம் கூடித்தான் தெரியும். ஆனால் அது மூங்கில் சேர்த்ததா? யாரோ ஒருவரின் நெல்வயலிலிருந்து வந்தது! சில ஆண்டுகளில் மண் புளித்து, மூங்கிலின் நிலத்தடிக் கிழங்குகள் மேல்மட்டத்துக்கு ஏறி, தோப்பே தேய்ந்துவிடுகிறது. ஏறிய எண்ணை மட்டும் பார்த்து மகிழக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

தம்பி: மாற்று வழி?

நான்: யூரியாவைக் குறைப்பது, கொத்துவதைக் குறைப்பது, கீழ்ச்செடியை விட்டுவைப்பது. மூங்கில் இலையைக் காற்றில்லாமல் சுட்ட கரியை மண்ணில் கலக்கும் சோதனைகளும் நடக்கின்றன. அமிலம் தணிகிறது, வெளியேறும் வாயுவும் குறைகிறது.

சித்தப்பா: வாய்க்கால் கரையில் இருக்கும் நம் மூங்கிலுக்கு ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன். போடவா, வேண்டாமா?

நான்: இங்கே இருப்பது ஓடிப் படரும் இனம், நம்முடையது குத்தாக வளர்வது. மண்ணும் மழையும் வேறு. இங்கத்திய முடிவை அப்படியே அங்கே ஏற்ற மாட்டேன். ஆனால் 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து மட்டும் 20 கிலோவுக்கு மேல். நான்கைந்து குத்துக்கு அது மிக அதிகம். வாய்க்காலிலும் கரைந்து ஓடும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள்; மண்வள அட்டையில் அங்ககக் கரிமமும் அமில நிலையும் இருக்கும்.

சித்தப்பா: சருகைக் கூட்டி எரிக்கச் சொல்லியிருந்தேனே?

நான்: ஐயோ, வேண்டாம் சித்தப்பா! குத்தைச் சுற்றி அப்படியே கிடக்கட்டும். மேலே தொழுவுரம் போடுங்கள்.

சித்தப்பா: சரி, ஆளிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதிரி எப்படி எடுப்பது?

நான்: சருகை ஒதுக்கிவிட்டு ‘வி’ வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து 15 செ.மீ. வரை சீராகச் சீவி எடுங்கள். பல இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். எரு கொட்டிய இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள்.