பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியவர் எப்படிக் கேப்டன் ஆனார்?

பாலக்கோட்டுக்காரன்: அண்ணன்மாரே, என் மகன் ஏழாவது படிக்கிறான். மாம்பழப் பெட்டி அட்டையில் பாய்மரக் கப்பல் வரைந்து வைத்துக்கொண்டு, “இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் என் வயசிலேயே கடற்படைக்குப் போனாராமே, எப்பப்பா கேப்டன் ஆனார்?” என்கிறான். பதவியைக் காசு கொடுத்து வாங்கினார்களா?

ஓசூர் வாத்தியார்: அந்தக் காலத்தில் அங்கே தரைப்படையில் வாங்க முடிந்தது தம்பி, கடற்படையில் முடியாது. ஆறு வருஷம் கடல் பணி, அப்புறம் வாய்மொழித் தேர்வு. 1777-இல் லெப்டினன்ட், 1779-இல், 20 வயதில், போஸ்ட் கேப்டன், அதாவது முழுக் கேப்டன் பதவி. தாய்மாமன் சக்ளிங் கடற்படையில் பெரிய அதிகாரி, தேர்வுக் குழுவிலும் இருந்தார். அதையும் பையனிடம் மறைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி அக்கா: சீஹார்ஸ் கப்பலில் நம் மெட்ராஸுக்கும் வந்திருக்கிறார், 1774-இல். கடும் காய்ச்சல் கண்டு 1776-இல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாலக்கோட்டுக்காரன்: மெட்ராஸா! சரி அக்கா, இப்போதே எழுப்பிச் சொல்கிறேன்.