சீஸ், கேஜு, பாலாடைக்கட்டி: அட்டையில் எதை எழுதுவது?

லயத்துவீடு (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு உணவுப் பொருளுக்குப் பல மொழிகளில் என்ன பெயர் என்று அட்டையில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், இவள் சீஸைப் பிடித்துக்கொண்டாள், மாமாக் கடை ரொட்டி சீஸ் என்றால் அவளுக்கு உயிர். மலாயில் கேஜு, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கேண்டனீஸில் "சீ சி" என்கிறார், தமிழுக்குப் பாலாடைக்கட்டி என்று எழுதினோம். அங்கேதான் என் மாமியார் மடக்கினார். பாலாடை என்றால் காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிற ஏடு, அதிலிருந்தா சீஸ் செய்கிறார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அப்புறம், பனீரையும் இதே வரிசையில் சேர்க்கலாமா? கேஜு எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

கிந்தாக்கரை:
அக்கா, கேஜு போர்த்துகீசியச் சொல். அவர்கள் "கேய்ஜு" என்பார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் வாயிலிருந்து மலாய்க்கு வந்து தங்கிய சொற்களில் இதுவும் ஒன்று, மெந்தேகா (வெண்ணெய்), மேஜா (மேசை), கார்பு (முள்கரண்டி) எல்லாம் அதே வழியில் வந்தவைதான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது என்னவென்றால், 1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவை எடுத்துக்கொண்டார்கள், சீஸுக்குப் பேர்போனவர்கள், கௌடா அவர்கள் ஊர்ச் சரக்கு, அவர்கள் மொழியில் சீஸ் "காஸ்". இந்தோனேசியாவையும் எவ்வளவு காலம் ஆண்டார்கள்! ஆனாலும் இரண்டு நாட்டிலும் கேஜுதான் நின்றது. முதலில் வந்து உட்கார்ந்த சொல்லை அசைக்க முடியவில்லை.

காஸ், கேய்ஜு, ஸ்பானியர்களின் கேசோ, ஜெர்மானியரின் கேஸெ, ஆங்கிலத்து சீஸ் எல்லாமே லத்தீன் "காசேயுஸ்" வயிற்றில் பிறந்தவை. அதனால் அட்டையில் கேஜுவையும் சீஸையும் அக்கா தங்கை என்று ஒரு கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பாலில் உள்ள கேசின் புரதத்துக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

ஆடுதாண்டி:
மேலே சொன்னது சரி, ஆனால் பிரெஞ்சையும் இத்தாலியையும் விட்டுவிட்டீர்களே. பிரெஞ்சில் ஃப்ரொமாஜ், இத்தாலியில் ஃபொர்மாஜ்ஜோ. இவை வேறு வேர். லத்தீனில் "ஃபோர்மா" என்றால் அச்சு, உறைந்த பாலை அச்சில் போட்டு அழுத்தி எடுப்பதால் அந்தப் பெயர். ஆனால் இத்தாலியிலேயே தோஸ்கானா, ரோம் பக்கத்துப் பேச்சில் "காச்சோ" இன்னும் இருக்கிறது, அது பழைய காசேயுஸ்தான். ஒரே நாட்டுக்குள் இரண்டு வேரும் உயிரோடு இருக்கிறது பாருங்கள். சுவிஸ் ஜெர்மன் பேசுகிறவர்கள் கேஸெ என்று சொல்லமாட்டார்கள், தொண்டையிலிருந்து காறி "ஹேஸ்" மாதிரி சொல்வார்கள். நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீசிய மொழியில் "ட்சீஸ்", நம் காதுக்கு ஆங்கிலம் மாதிரியே கேட்கும்.

இந்த இரண்டு வேரிலும் சேராதவையும் உண்டு: சுவீடனில் ஊஸ்ட், ரஷ்யாவில் சீர், கிரேக்கத்தில் தீரி, அரபியில் ஜுப்ன் (எகிப்துக்காரர்கள் கிப்னா என்பார்கள்).

பனீர் பாரசீகச் சொல். பாரசீகத்தில் எல்லா சீஸுக்கும் அதுதான் பெயர், துருக்கியில் பெய்னிர் என்றாலும் அப்படியே. இந்திக்கு வந்த பிறகுதான் அது எலுமிச்சை பிழிந்து திரித்த ஒரு வகைக்கு மட்டும் ஆனது. ஆக வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம், பாரசீகம் என்று எழுதிச் சேருங்கள்.

மாட்டுக்கொட்டகை:
அம்மா, உங்கள் மாமியார் சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் அம்மா தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர், பாலாடையை வழித்துச் சேர்த்து வெண்ணெய்தான் எடுப்பார். சீஸுக்கு முழுப் பாலையே உறைய வைக்கிறார்கள், கன்றுக்குட்டியின் வயிற்றில் சுரக்கும் பொருளைக் கலந்தால் பால் தயிர்போல் இறுகும், அதை அறுத்து, நீரை வடித்து, உப்புப் போட்டு, அழுத்தி, பல வகைகளை மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். நாங்கள் பார்த்த ஒரே பால்கட்டி சீம்பால்தான். கன்று போட்ட மாட்டின் முதல் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு, கிண்ணத்தில் ஊற்றி, இட்லிச் சட்டியில் வைத்து மூடிவிடுவார் அம்மா. மோரும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், தானாகவே கட்டியாகிவிடும், கத்தியால் வில்லை வில்லையாக வெட்டித் தருவார், வெட்டின இடத்தில் இலேசாகத் தண்ணீர் கசியும்.

அதற்காகப் பாலாடைக்கட்டியை அடித்துவிடாதீர்கள். அகராதியில் ஏறிவிட்ட சொல், பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம். இன்னொன்றும் அட்டையில் போடுங்கள், நம் தயிர் மலாயில் "தாயிரு" ஆகியிருக்கிறது. வெளியிலிருந்து மலாய் வாங்கிய பால் பொருள் பெயர்களில் நம்முடையதும் ஒன்று என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

லயத்துவீடு:
எல்லாருக்கும் நன்றி! மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், சீம்பால் பகுதியை இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார். மாண்டரினில் எப்படி எழுதுவது?

கிந்தாக்கரை:
"நைலாவ்" என்று எழுதுங்கள், நை என்றால் பால். "நாய்" என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். பனீருக்கும் ஒரு ன் மட்டும் போதும், இரண்டு ன் போட்டால் கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் ஆகிவிடும்.